வேலை செய்யாத பட்டன்

ஹம்சத்வனி என்று பெயர் வைத்தது அப்பா. கச்சேரிப் பைத்தியம் பிடித்த மனிதர். ராகம் நன்றாக இருக்கிறதே என்று பார்த்தாரே தவிர, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் என்ன பாடு படும் என்று யோசிக்கவில்லை. உண்மையில் அது ஒரு பாடும் படவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் வருகைப் பதிவு எடுத்த ஆசிரியர்கள் மட்டும்தான். இப்போது, நாற்பது தாண்டிய வயதில், 'ஏய் ஹம்சா' என்று உரிமையோடு அதட்ட ஒரு கூட்டமே இருக்கிறது. அந்த அதட்டலைக் கேட்பதற்காகத்தான், வங்கிக்கு விடுமுறையான சனிக்கிழமையில், ஊறவைத்த துணியை வாளியிலேயே விட்டுவிட்டுத் தஞ்சாவூரில் பஸ் ஏறினாள்.

"ஒரு கேம விளையாடிப் பாத்து நல்லதா கெட்டதான்னு சொல்றதுக்கு மூணு பேரா?" என்று கணவர் கேட்டார்.

"மூணு பேரும் ஒரே கிளாஸ்," என்றாள். அது பதில் இல்லைதான்.

விஷயம் இதுதான். குடமுருட்டிக் கரையில் இருக்கும் அவர்களுடைய பழைய பள்ளிக்கூடத்தில் இராஜாங்கம் என்று ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தார். அவருடைய மகன் நவநீத்தும் அங்கேயே படித்தவன்தான். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் விளையாட்டு செய்யும் கம்பெனியில் வேலை. அவனும் நண்பர்களும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் படுத்தும் பாட்டை வைத்து ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். 'பத்தாம் வகுப்பு ஆ பிரிவு' என்று பெயர். படித்த பள்ளிக்கே அதை இலவசமாகத் தருகிறேன், ஒன்பதாவது பத்தாவது பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறையில் விளையாடட்டும் என்றான். தலைமையாசிரியர் செழியன் மாட்டிக்கொண்டு முழித்தார். வேண்டாம் என்றால் மாஸ்டர் மகனைப் புண்படுத்தியதாகும். வேண்டும் என்றால் பெற்றோர் படையெடுத்து வருவார்கள். யோசித்துப் பார்த்து, கம்ப்யூட்டர் அறையைக் கட்டிக்கொடுத்த பழைய மாணவர்கள் தலையிலேயே அந்தப் பொறுப்பைக் கட்டிவிட்டார். மூன்று பேர் வந்து விளையாடிப் பார்த்து, பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்ல வேண்டும். அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுவே முடிவு.

பஸ் பாலத்தில் ஏறியது. மேட்டூர் திறந்து தண்ணீர் இப்போதுதான் வந்திருந்தது. ஆறு நுரையும் சருகுமாகக் கலங்கலாக ஓடியது. கரைக்கு அந்தப் பக்கம் வயல்களில் குறுவைக்கு உழுது கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஓட்டுக் கட்டடம் தென்னைகளுக்கு நடுவே தெரிந்ததும் ஹம்சாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதற்குள் நுழைய ஒரு காலத்தில் அவள் தயங்கியிருக்கிறாள் என்று சொன்னால் அவளே நம்பமாட்டாள். அந்த அளவுக்கு அவள் மாறிப் போயிருந்தாள். அவளை மாற்றியது 'குடமுருட்டிக் குரங்குகள்' என்கிற வாட்ஸ்அப் குழு.

குழுவை ஆரம்பித்தவன் ஜெக்கரியா. துபாயில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கும்பகோணத்தில் செல்போன் கடை வைத்திருப்பவன். வகுப்பில் படித்த ஒருவர் விடாமல் தேடிப்பிடித்துச் சேர்த்தான். ஹம்சாவையும் சேர்த்தான். அதில் பேச்சு என்றால் அப்படி ஒரு பேச்சு. தண்டவாளத் துண்டில் அடிக்கும் மணி, கேட்டுக்கு வெளியே விற்ற சேமியா ஐஸ், அறுவடைக் காலத்தில் மைதானம் முழுக்கக் காயப்போட்ட நெல், அதை மிதித்துவிட்டு வாங்கிய அடி. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசிப் பரீட்சை அன்று நடந்த இங்க் கூத்து. ஏப்ரல் வந்தால் போதும், யாராவது அதை எடுத்துவிடுவார்கள். ஜெக்கரியா உடனே மீசையை முறுக்குவான்.

'மதுரம் டீச்சர் பொண்ணு முதுகுலயே இங்க் அடிச்சவன்டா நானு. அந்தத் தைரியம் வேற எவனுக்கு வரும்?'

முதல் முறை இதைப் படித்தபோது ஹம்சா வங்கியில் இருந்தாள். கவுன்ட்டருக்கு வெளியே ஆள் நிற்க, அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, 'அன்னிக்கு அம்மா என் தோல உரிச்சுட்டாங்கடா பாவி' என்று தட்டி அனுப்பினாள். சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்தன. அன்றிலிருந்து அந்தக் கதை அவளுக்கும் சொந்தம். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்வாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைத்துக் கடைசியில் வித்தை காட்டுவது எனக்குப் பிடிக்காது. ஜெக்கரியா அவள் மேல் இங்க் அடிக்கவில்லை. ஒருவருமே அடிக்கவில்லை.

அம்மா மதுரம் அதே பள்ளியில் கணக்கு டீச்சர். கண்டிப்பு என்றால் மற்ற ஆசிரியர்களே ஒதுங்கிப் போகும் அளவுக்குக் கண்டிப்பு. டீச்சர் மகள் முன்னால் எதையாவது பேசினால் அது ராத்திரிச் சாப்பாட்டோடு டீச்சர் காதுக்குப் போய்விடும் என்பது வகுப்பின் கணக்கு. பாவம், அந்தப் பெண் ஒரு வார்த்தை வீட்டில் சொன்னதில்லை. சொல்வதற்கு அவளிடம் யாராவது ஏதாவது பேசியிருந்தால்தானே! அவளை ஒருவரும் கிண்டல் செய்யவில்லை, கிள்ளவில்லை, செருப்பை ஒளித்து வைக்கவில்லை. அவள் கிட்டே வந்தால் பேச்சு நின்றுவிடும், அவ்வளவுதான். மரியாதையாகச் சிரித்து, நகர்ந்து இடம் விடுவார்கள். கூடப் படிக்கிற பையன்கள் சிலர் அவளை 'வாங்க போங்க' என்றுகூடப் பேசினார்கள்.

கடைசிப் பரீட்சை முடிந்து மைதானத்தில் எல்லார் முதுகிலும் இங்க் பறந்தது. நீலம், கறுப்பு, எவனோ ஒருவன் கொண்டுவந்த பச்சை. ஹம்சா அதன் நடுவே நடந்தாள். வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள். பேனாவைத் திறந்து ஓங்கிய கைகள் அவளைக் கண்டதும் இறங்கின. 'பாத்துடா, டீச்சர் பொண்ணு' என்று ஒரு குரல் கேட்டது. கேட்டுக்கு வெளியே வந்தபோது வெள்ளைத் தாவணி கஞ்சி போட்ட வெண்மையிலேயே இருந்தது.

அப்படியே வீட்டுக்குப் போக அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏப்ரல் மாதம், ஆற்றில் வெறும் மணல். ஆளில்லாத படித்துறையில் இறங்கி, தாவணியைக் கழற்றிக் கல்லில் விரித்து, தன் ஹீரோ பேனாவைத் திறந்து தானே உதறினாள். பேனா காலியாகும்வரை உதறினாள். காய்ந்ததும் உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனாள். யாருடி அடிச்சா என்று அம்மா கேட்டாள். எல்லாரும்தான் என்றாள் மகள். அம்மா அவளைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். தாவணி முழுக்கக் கறை. அதற்குக் கீழே சட்டையில் ஒரு பொட்டு இல்லை. கணக்கு டீச்சருக்கு அது போதாதா? ஆனால் மதுரம் ஒன்றும் கேட்கவில்லை. "சோப்புக்கெல்லாம் போகாது. எலுமிச்சம்பழம் வாங்கிண்டு வா," என்று மட்டும் சொன்னாள்.

ஆகவே ஜெக்கரியா எடுத்துக் கொடுத்த பொய் ஹம்சாவுக்குப் பொய்யாகவே படவில்லை. கேட்டு ஏங்கியதை யாரோ காலம் தாழ்த்தி வீடு தேடிக் கொண்டுவந்து கொடுத்தது போல வாங்கி வைத்துக்கொண்டாள். அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அவளால் முடியாது.

*

கம்ப்யூட்டர் அறையில் ஜெக்கரியாவும் பிரகதீஸ்வரியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பிரகதீஸ்வரி பாபநாசத்தில் வேளாண்மைத் துறை அலுவலர். அவளுடைய இரண்டு பையன்களும் இதே பள்ளியில் ஒன்பதாவதும் பத்தாவதும் படிக்கிறார்கள். அதனால் மூன்று பேரில் அவளுக்குத்தான் உண்மையான கவலை.

"ஏய் ஹம்சா, எவ்ளோ நேரம்டி? இவன் தனியா விளையாடி முடிச்சுருவான் போலருக்கு," என்றாள்.

"ஒனக்கு டீ ஆறிப் போச்சு. அது தண்டனை," என்றான் ஜெக்கரியா.

ஹம்சாவுக்குப் பஸ் களைப்பெல்லாம் பறந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியர் செழியன் எட்டிப் பார்த்துத் தன் பயத்தை இன்னொரு முறை ஒப்பித்தார். "உள்ள அடிதடி இருக்குங்கறாங்க. நாளைக்கு ஒரு பய இத பாத்துட்டு இன்னொரு பய தலையில இங்க் ஊத்தினான்னா, எல்லாரும் என் சட்டையத்தான் புடிப்பாங்க. நல்லா பாத்துச் சொல்லுங்க. நான் ஆபீஸ்ல இருக்கேன்." அவர் போனதும் ஜெக்கரியா மௌஸைப் பிடித்தான்.

திரையில் பள்ளிக்கூடம் விரிந்தது. மூவரும் ஒரே நேரத்தில் 'அட' என்றார்கள். அதே ஓட்டுக் கட்டடம். அதே வேப்பமரம், அதன் கிளையில் தொங்கும் அதே தண்டவாளத் துண்டு. குழாயடியில் பாசி கூட இருந்தது. கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டிருந்தார்கள்.

"ஏய், என் பேரு இல்லாத நாளே கெடையாது அதுல," என்றான் ஜெக்கரியா பெருமையாக.

"லீடர் நான்தானே. ஒரு தேன்மிட்டாய் குடுத்தா அழிச்சுருவேன். நீதான் கஞ்சப் பய, குடுக்கமாட்ட," என்றாள் பிரகதீஸ்வரி.

ஹம்சா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் பலகையில் அவள் பெயர் ஒரு நாளும் ஏறியதில்லை. பேசினால்தானே ஏறும். ஆனாலும் அந்தச் சிரிப்பில் கலப்படம் இல்லை. இவர்களோடு உட்கார்ந்து பார்க்கும்போது அந்த நாட்கள் எல்லாருக்கும் பொதுவான நாட்களாகிவிடும். அதுதான் அவளுக்குக் கிடைத்த வரம்.

விளையாட்டு எளிமையானதுதான். வகுப்பில் நான்கு பேரில் யாராக வேண்டுமானாலும் விளையாடலாம். ரவுடித்தனம் செய்யும் பெரிய பையன், அவனிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் புதுப் பையன், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பு லீடர், ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். என்ன செய்யலாம் என்று திரையின் ஓரத்தில் பட்டன்கள் எழும்: பேசு, பிடுங்கு, ஒளித்து வை, மிஸ்ஸிடம் சொல், கூட உட்கார். அழுத்தினால் அதன்படி கதை நகரும். கடைசியில் பரீட்சை, பிறகு மைதானத்தில் இங்க்.

ஜெக்கரியா முதலில் ரவுடிப் பையனை எடுத்தான். எடுக்காமல் இருப்பானா? புதுப் பையனின் செருப்பை ஒளித்தான். டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றான். வகுப்பு சிரித்தது, இவனும் சிரித்தான்.

"இதுதான் எனக்குப் பயம்," என்றாள் பிரகதீஸ்வரி. "எம்பையன் இத பாத்துட்டுச் செருப்ப ஒளிச்சு வெச்சான்னா?"

"ஒம்பையன் இத பாக்காமயே ஒளிச்சுக்கிட்டுதான் இருப்பான். ஒன் பையன்ல?"

ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் வாய் அடங்கியது. விளையாட்டில் ஒரு காலை, புதுப் பையனின் இடம் காலியாக இருந்தது. மறுநாளும் காலி. என்ன பட்டனை அழுத்தினாலும் அவன் வரவில்லை. வகுப்பில் யாரும் அவனைப் பற்றிப் பேசவில்லை, பாடம் நடந்துகொண்டிருந்தது. ஜெக்கரியா பாதியில் நிறுத்திவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான். இந்த முறை லீடராக விளையாடி, செருப்பு காணாமல் போன உடனேயே மிஸ்ஸிடம் போய்ச் சொன்னான். புதுப் பையன் கடைசிவரை வந்தான். இங்க் நாளில் அவன் சட்டை முழுக்க நீலமாக இருந்தது. ஜெக்கரியா மூச்சு விட்டான்.

"நல்லாத்தான் பண்ணிருக்கான் மாஸ்டர் மவன்," என்றாள் பிரகதீஸ்வரி. "என் பசங்க பாக்கட்டும். சொன்னா கேக்காதுங்க, இத பாத்தா கேக்கும்."

"அப்ப ஓகேன்னு சொல்லிருவோம். இந்தப் பொண்ண மட்டும் ஒரு தடவ பாத்துருவோம்."

ஜன்னலோரப் பெண்ணை எடுத்தான். அவள் எழுந்து, சிரித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தின் பக்கம் போனாள். 'பேசு' என்ற பட்டன் எழுந்தது. அழுத்தினான். கூட்டம் திரும்பிப் பார்த்தது, மரியாதையாகச் சிரித்தது, நகர்ந்து இடம் விட்டது. சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. வேறு கூட்டத்துக்குப் போனான். அங்கேயும் அப்படியே. இடைவேளையில் அவளைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். வரிசையில் நின்றவர்கள் அவளுக்கு முதலில் குடிக்க வழிவிட்டார்கள். 'கூட உட்கார்' என்பதை அழுத்தினான். அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனார்கள்.

"என்னடா இது, பட்டன் வேல செய்யல."

கடைசிப் பரீட்சை வந்தது. மைதானத்தில் இங்க் மழை. அந்தப் பெண் அதன் நடுவே நடந்தாள். எல்லாப் பக்கமும் நீலமும் கறுப்பும் தெறித்தது, அவள் மேல் ஒரு துளி விழவில்லை. கேட் வந்தது. விளையாட்டு முடிந்தது.

ஹம்சா டீ டம்ளரைக் கீழே வைத்தாள். நவநீத் பி.டி. மாஸ்டர் மகன் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இராஜாங்கம் சார் விசிலை வாயில் வைத்தால் பள்ளிக்கூடமே உறைந்து நிற்கும். அந்த மனிதருடைய மகன் இதே வகுப்பறையில் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்? யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்தது. முகம் தெரியாத அந்தப் பையன் மேல் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது பிரியம்.

"இது பக், புரோகிராம்ல தப்பு," என்றான் ஜெக்கரியா. செல்போன் கடைக்காரனுக்குத் தெரியாத 'பக்'கா? "மத்த மூணு பேருக்கும் எல்லாம் ஓடுது. இதுக்கு மட்டும் கோடிங் சரியா எழுதல பய. ஒண்ணு பண்ணுவோம். இந்தப் பொண்ண எடுத்துட்டுக் குடுடான்னு சொல்லி ஓகே பண்ணிருவோம்."

"ஆமா. இவளுக்கு என்ன கொறச்சல்? யாரும் ஒண்ணும் பண்ணல, வழியெல்லாம் விடுறாங்க," என்றாள் பிரகதீஸ்வரி. "பிள்ளைங்களுக்குப் போரடிக்கும்."

"அது பக் இல்ல," என்றாள் ஹம்சா.

"பட்டன் வேல செய்யலடி."

"வேல செய்யாது. அதான் அந்தப் பொண்ணு."

இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஜெக்கரியா சிரித்தான். "அப்படியெல்லாம் யாரு இருப்பா? நம்ம கிளாஸ்லயே பாரு, அடிச்சுக்குவோம், கட்டிப் புரண்டுக்குவோம், ஆனா ஒருத்தர விட்டதில்ல. அப்படி ஒரு ஆளச் சொல்லு பாப்போம்."

பிரகதீஸ்வரியும் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நல்ல மனதோடுதான் யோசித்தாள். "இல்லையே," என்றாள்.

இந்த இடத்தில் ஹம்சா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எழுந்து போய், பக்கை எடுத்துவிட்டுக் கொடுங்கள் என்று செழியனிடம் சொல்லிவிட்டு, மூவரும் கும்பகோணம் போய் ஜெக்கரியா செலவில் காபி குடித்திருக்கலாம். ஏப்ரலில் மறுபடி இங்க் கதை வந்திருக்கும். அவளும் அம்மா தோலை உரித்ததைச் சொல்லியிருப்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான். சொல்லிவிட்டால் அது போய்விடும். போனால் இவர்கள் இருவரும் இதே முகத்தோடு இருப்பார்களா? தெரியாது. மறுபடியும் மரியாதையாகச் சிரித்து இடம் விட்டுவிட்டால்? அந்தப் பயம் பத்தாம் வகுப்பில் இருந்ததைவிட இப்போது பெரிதாக இருந்தது. அப்போது இழப்பதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணை எடுத்துவிடுவார்கள். யாரும் ஒன்றும் செய்யாததால் அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்று எடுத்துவிடுவார்கள். ஹம்சாவால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"நான்," என்றாள்.

"என்ன நான்?"

"நீ கேட்டியே, ஒரு ஆளச் சொல்லுன்னு. நான்தான்."

ஜெக்கரியாவுக்கு முதலில் அது வேடிக்கையாகத்தான் பட்டது. "ஏய், ஒன் முதுகுல நான்தானடி இங்க் அடிச்சேன்! ஒங்கம்மா தோல உரிச்சாங்கன்னு நீயே சொல்லுவ."

"நீ அடிக்கல, ஜெக்கரியா. யாரும் அடிக்கல. படித்துறையில ஒக்காந்து தாவணியக் கழட்டி வெச்சு நானே அடிச்சுண்டேன். வெள்ளையா வீட்டுக்குப் போறதுக்கு வெக்கமா இருந்தது."

ஜெக்கரியாவின் முகம் சிவந்தது. கோபம்தான். யாருக்கும் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த ஒன்றைப் பொய் என்றால் கோபம் வராதா?

"எனக்கு ஞாபகம் இருக்கு. வெள்ளத் தாவணி. நான் அடிச்சதும் திரும்பிப் பாத்து, எரும மாடேன்னு திட்டினா. அது நீ இல்லன்னா வேற யாரு?"

"நான்டா," என்றாள் பிரகதீஸ்வரி மெல்ல. "எரும மாடேன்னு திட்டுனது நான். அந்தத் தாவணிய எங்க வீட்டுல அப்பறம் கரித்துணியாக்கிட்டாங்க."

பிரகதீஸ்வரி ஹம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது.

"நாங்க ஒன்ன ஒதுக்கணும்னு நெனைக்கலடி. நீ முழுப்பரீட்சையில மொத மார்க்கு. டீச்சர் வீட்டுப் புள்ள. எங்ககூடெல்லாம் நீ சேரமாட்டேன்னு நெனச்சோம். ஒம்மேல இங்க் பட்டா ஒனக்குப் புடிக்காதுன்னு, நான்தான் 'பாத்துடா'ன்னு ஒரு பயல தடுத்தேன். எனக்கு இப்பதான் ஞாபகம் வருது. ஒனக்கு நல்லது பண்றதா நெனச்சுட்டேன்டி."

"தெரியும். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல," என்றாள் ஹம்சா. "அதனாலதான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல முடியல. என்னன்னு சொல்றது? எல்லாரும் எனக்கு வழி விடறாங்கன்னா?"

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டான் ஜெக்கரியா. "நான் ஒவ்வொரு வருஷமும் மீசைய முறுக்குறேன், நீயும் பாத்துக்கிட்டு இருக்க."

"நீ சொல்றப்ப நல்லா இருந்ததுடா. நெஜமாவே அடிச்ச மாதிரி இருந்தது. ஏன் கெடுக்கணும்?"

அவ்வளவுதான் அவளால் முடிந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே மைதானத்தில் பையன்கள் சிலர் விடுமுறையிலும் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லியாயிற்று. இனி பின்னால் என்ன கேட்கும்? நாற்காலியை நகர்த்தும் சத்தமா, 'சரி கெளம்புவோம்' என்ற நாகரிகமான குரலா? அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் மௌஸ் சத்தம் கேட்டது. டிக் என்று ஒன்று. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு விடாமல் டிக் டிக் டிக் என்று.

திரும்பினாள். ஜெக்கரியா ஜன்னலோரப் பெண்ணை மறுபடி எடுத்திருந்தான். வகுப்பில் ஒரு கூட்டம் விடாமல் ஒவ்வொரு கூட்டமாக அவளைக் கொண்டுபோய் நிறுத்தி 'பேசு' பட்டனை அழுத்திக்கொண்டிருந்தான். கூட்டம் சிரிப்பதும் நகர்வதுமாக இருந்தது. அவன் விரல் ஓயவில்லை. அது பக் இல்லை, எப்படி அழுத்தினாலும் நடக்காது என்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழுத்தினான்.

"பேசுங்கடா டேய்," என்று திரையைப் பார்த்து அதட்டினான். "அந்தப் புள்ள வந்து நிக்குதுல்ல, கண்ணு தெரியல? ஏன்டா ஓடுறீங்க? ஒங்கள என்னடா கடிச்சா தின்னுரும்?"

"அந்தச் செவப்பு ரிப்பன்காரிகிட்ட போடா," என்றாள் பிரகதீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவ மூஞ்சி நல்லாருக்கு, அவ பேசுவா." ரிப்பன்காரியும் பேசவில்லை. "சனியன்," என்றாள் பிரகதீஸ்வரி.

கதவைத் திறந்துகொண்டு தலைமையாசிரியர் செழியன் வந்தார். பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டிய நேரம், கையில் சாவிக்கொத்து.

"என்ன முடிவு பண்ணீங்க? பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா?"

ஜெக்கரியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இருங்க சார்," என்றான். "இந்தப் புள்ளகிட்ட இன்னும் ஒருத்தரும் பேசல."

செழியன் ஒன்றும் புரியாமல் ஹம்சாவைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள். பத்தாம் வகுப்பு முழுக்க அவளுக்காக யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. இதோ, இப்போது இரண்டு பேர் ஒரு வகுப்போடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

"குடுக்கலாம் சார்," என்றாள். "அப்படியே குடுக்கலாம். எதையும் எடுக்க வேண்டாம்."